மெசின் மாமா செய்த மேசை

நான்கு காலும் ஒரே உயரத்தில் உள்ள கதிரை ஒன்றைக்கூட வாழ்நாளில் செய்யாத தச்சர், எனக்குத் தெரிந்து இலங்கையிலேயே எங்கள் மெசின் மாமா ஒருவர்தான்.

உண்மையில் அவர் தச்சரே அல்ல. கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு, கம்பளையில் வாங்கிய பழைய சலவை மெசினின் மோட்டாரைக் கழற்றி, அதில் வட்ட வாளைப் பூட்டி, ஆசைக்கு மரம் அறுத்தார். அவர் சுவிட்சைத் தட்டினால் எங்கள் லேனில் எல்லா பல்பும் மயக்கம் போடும்.

யாராவது ஸ்டூல் கேட்டால் டேப்போடு அவர்கள் வீட்டுக்கே வந்துவிடுவார். அது எங்கே நிற்கப் போகிறது என்று கேட்டு, தரையில் முட்டி போட்டு அளப்பார். மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் தரை மட்டமாக இருக்காது என்பது அவர் கட்சி. ஒவ்வொரு காலையும் அது ஊன்றும் இடத்துக்குத் தக்கபடி அறுப்பார். அந்த இடத்தில் பாறை மாதிரி நிற்கும். ஒரு சாண் தள்ளி வைத்தால் ஆடும். எதிர்வீட்டு டீச்சர் வீடு கூட்டுவதற்காகக் கதிரையை இழுத்துவிட்டு, பழைய இடம் பிடிபடாமல் அவரையே கூப்பிட்டார். மாமாவுக்குக் கோபம்.

"கதிரைய ஏன் டீச்சர் நகத்துறீங்க? வீட்ட நகத்துவீங்களா?"

பள்ளியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கும் ஒரு மேசை செய்து தந்தார். வெளிச்சம் வேண்டுமென்று ஜன்னலோரத்தில் இடம் குறித்ததும் அவர்தான். ஜன்னலுக்கு நேர் மேலே, மேட்டில், அவருடைய கொட்டில். வாள் சத்தம் தாங்காமல் நான் மேசையை உள்ளறைக்கு மாற்றினேன். அது ஆடிய ஆட்டத்தில் அவள் எழுத்து கோழி கிளறியது போலானது. திரும்ப ஜன்னலுக்கே கொண்டுபோனோம்.

ஒரு மழை மாலை. அவள் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். பல்பு மங்கியது. பேனையை வீசிவிட்டுக் குசினிக்கு வந்து, "அம்மா, மாமா ஆரம்பிச்சிட்டாரு, ஒண்ணுமே தெரியல" என்றாள்.

கண்ணாடி நொறுங்கியது.

கை நீளப் பலகை ஒன்று ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து, அவள் உட்கார்ந்திருந்த கதிரையின் முதுகைத் துளைத்து நின்றது. வாளில் இறுகிய மரம் தெறித்திருக்கிறது. ஓரமாக நின்றதால் மாமா தப்பியிருந்தார். நான் மகளின் கையைப் பிடித்தேன். வலிக்குதென்றாள். விடவில்லை.

மகள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். இங்கே பல்பு மங்கினால் இன்றைக்கும் அவளுக்குப் போன் எடுத்து, ஜன்னலை விட்டு எழும்பு என்கிறேன். மாமாவோ அன்றோடு மோட்டாரைத் தொடவில்லை, கைவாளுக்கு மாறிவிட்டார்.

பலகை பாய்ந்த அன்று மாமா செருப்பில்லாமல், சேற்றோடு மேட்டிலிருந்து சறுக்கி வந்தார். வாசலைத் தாண்ட முடியவில்லை.

"பிள்ள?"

"இருக்கேன் மாமா" என்றாள் மகள்.

உள்ளே வந்தார். கதிரையைப் பார்த்தார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த எடத்துலதான் வைக்கணும்னு நான்தானே சொன்னேன். நான்தானே சொன்னேன்."

தெரு முழுக்கக் கேட்கும்படி ஏசுவதற்கு என்னிடம் ஏராளம் இருந்தது. தேத்தண்ணீர் கொடுத்தேன், ஒரு வாய் குடித்துவிட்டுத் தரையில் வைத்தார். கோப்பையை நானே எடுத்து ஆற்றிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சீனி போடவா மாமா?" என்றேன்.