போஸ்டர் எருமையின் இடுப்பு

ஒரு காட்டில் குருவம்மா என்றோர் எருமை இருந்தாள். எருமை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

குளத்தங்கரைச் சுவரில் புண்ணாக்கு கம்பெனிக்காரன் ஒரு போஸ்டர் ஒட்டினான். அதில் ஓர் எருமை உதட்டுச் சாயம் பூசி, ஒருக்களித்துப் படுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இடுப்போ ஒரு பிடி! மடியோ இரண்டு பூசணிக்காய். புண்ணாக்கு எங்கே என்கிறீர்களா? ஓரத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு மூட்டை.

அன்றிலிருந்து கடாக்களுக்கு நாளைக்கு எட்டுத் தடவை தாகம் எடுத்தது. குருவம்மாவின் மகள் செம்பகமோ தீனியையே நிறுத்திவிட்டாள்.

"ஒரு வாய் தின்னுடி தங்கம்."

"போம்மா! என் இடுப்பைப் பாரு, எருமை மாதிரி இருக்கு!"

மகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் குருவம்மா போஸ்டரை எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதினாள். நேரே விளம்பரக் கண்காணிப்புக் குழுவிடம் போனாள். குழுவில் ஒரு நரியார், ஒரு குரங்கார், ஒரு கிழட்டுக் கடா. பெண் உறுப்பினர் நாற்காலி காலி. ஆள் கிடைக்கவில்லையாம், பாவம்.

"அத்தாட்சி வேணும்மா. படம் மூணு காப்பி, கலர்ல," என்றார் நரியார்.

கொடுத்தாள். குழு பதினொரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஆராய்ந்தது. நடுவில், இன்னும் பெரிய சைஸில் ஒரு காப்பி வேண்டும் என்று சொல்லி அனுப்பியது. பன்னிரண்டாம் நாள் தீர்ப்பு வந்தது.

"படத்துல ஆபாசம் இல்லை, கலைநயம்தான் இருக்கு. ஆனா ஏம்மா, இப்படி மடி தெரிய ஆபீசுக்கு வர்றீங்களே, இது நல்லாவா இருக்கு?"

குருவம்மாவுக்கு வந்ததே கோபம்! விடுவிடுவென்று குளத்தங்கரைக்குப் போய், போஸ்டரைப் பல்லால் கிழித்து, இடுப்பிலிருந்து தின்ன ஆரம்பித்தாள். மைதாப் பசை புளித்து மணத்தது. பின்னாலேயே ஓடி வந்த செம்பகத்துக்கு, பட்டினி கிடந்ததில் நாக்கு ஊறியது.

"எனக்கும்மா," என்றாள். மடிப் பக்கம் முழுவதும் மகளே தின்றாள். பார்த்துக்கொண்டே நின்ற குருவம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கம்பெனிக்காரன் வெறும் சுவரைப் பார்த்தான். 'மகளிரிடையே அமோக வரவேற்பு' என்று நோட்டில் எழுதிக்கொண்டு, காடெங்கும் நூறு போஸ்டர் ஒட்டினான்.

மாதக் கடைசியில் செம்பகம் நன்றாகக் கொழுத்து, அசல் எருமையாகவே ஆகிவிட்டாள்.

நீதி: பெண்ணை எப்படிப் படம் போட்டாலும் மனு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். பசையில் மைதா போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.