பெட்ரோல் டாங்கில் சிலோன் பேய்

நடுவட்டத்துக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேய் இருந்தது. சாதாரணப் பேய் இல்லை. சுடுகாடு, பாழடைந்த பங்களா எதுவும் அதற்குப் பிடிக்கவில்லை. மருந்தடிக்கிற மிஷினின் பெட்ரோல் டாங்கில் குடியிருந்தது.

அதைப் பார்க்க ஊட்டி–கூடலூர் பஸ் எங்கள் வாசலில் நின்று போகும். டிரைவரே இறங்கி வந்து ஒரு கும்பிடு போடுவார். இத்தலாரிலிருந்து ஒருவர் பாடாத ரேடியோவைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தார். அதற்குள்ளும் யாராவது இருக்கலாமல்லவா? லவ்டேலிலிருந்து இரண்டு பேர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்கள். லீவுக்குக் காரணம் காய்ச்சல் என்று எழுதினார்களாம். உண்மைதான், பேய்க் காய்ச்சல்.

என் பெயர் பாலசுப்பிரமணியம். அந்தத் தோட்டத்தில் ஸ்டோர் கிளார்க். சொந்த ஊர் கோயமுத்தூர், பி.யு.சி. வரை படித்தவன். படிக்காதவர்கள் சாமிக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். படித்தவன் என்பதால் நான் மூன்று கொடுத்தேன்.

சாமி என்றால் ஆவியடக்கிச் சாமி. கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ஜடை, உருத்திராட்சம், கையில் ஒரு பிரம்பு. மந்திரம் மலையாளத்தில் சொல்லுவார். மலையாளம் தெரிந்த ஒருவர் கிட்டப் போய்க் கேட்டுவிட்டு, "இது பஸ் ஊர் பேருங்களாட்டம் இருக்கே" என்றார். அவரைப் பிடித்து வெளியே தள்ளினோம்.

காட்சி இப்படி நடக்கும். முதுகில் மாட்டிக்கொள்ளும் அந்த மிஷினை வாழையிலையில் உட்கார வைப்பார்கள். சாமி மூன்று சுற்றுச் சுற்றி வந்து, டாங்கின் மூடியை மெல்லத் திருகுவார். உள்ளேயிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும்.

"கேட்டிங்களா? பேய் மூச்சு விடுது!"

கூட்டம் நடுங்கும். நானும் நடுங்கினேன். சாமி மூடியைத் திருப்பி மூடி, அதன் உச்சியில் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, "காப்பு வச்சாச்சு, இழு கயித்த" என்பார். கயிற்றை இழுத்தால் இன்ஜின் உறுமும்! பெண்கள் குலவை போடுவார்கள். கறுப்புக் கோழி ஒன்று, நெய் ஒரு சொம்பு, முட்டை ஒரு கூடை எல்லாம் சாமியின் பைக்குள் போகும். பத்து நிமிடம் ஓடிவிட்டு இன்ஜின் விக்கி விக்கி நின்றுபோகும். பேய் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த கோழி வர வேண்டும் என்றும் அர்த்தம்.

இது தொடங்கியது ஆயுத பூஜை முடிந்த மறுநாள். தேயிலைக்குக் கொப்புள நோய் கண்டிருந்த சமயம், வாரத்துக்கு ஒரு முறை மருந்தடிக்காவிட்டால் கொழுந்து எல்லாம் போய்விடும். மருந்தடிக்கிற தொழிலாளி காத்தமுத்துவின் மிஷின் பத்துப் பத்து நிமிடத்தில் நின்றது. ஊட்டிக்கு அனுப்பினோம். மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், ஜெட்டை ஊதினார், பிளக்கை மாற்றினார், பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதியது ஊற்றினார். இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தார். "ஜம்முனு ஓடுதே" என்று திருப்பி அனுப்பினார். இங்கே வந்து பத்தாவது நிமிடம் நின்றது. மெக்கானிக்காலேயே முடியவில்லை என்றால் பேய்தானே! எங்கள் கணக்கு அவ்வளவு சுத்தம்.

சாமி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "கார்புரேட்டர் என்ன பண்ணுது? பெட்ரோல ஆவியாக்குது. ஆவி இருக்கற எடத்துலதான் ஆவி வந்து சேரும்." என்ன ஒரு விளக்கம்! அவர் சொன்னதில் முதல் பாதி மட்டும் உண்மை.

அது யாருடைய ஆவி என்பதையும் சொன்னார். காத்தமுத்துவும் அவன் மனைவி அன்னக்கிளியும் மூன்று பிள்ளைகளோடு சிலோனிலிருந்து கப்பலேறி, மண்டபம் கேம்ப்பில் மாதக்கணக்கில் கிடந்து, எங்கள் தோட்டத்துக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. புறப்படுவதற்கு முன்னால் காத்தமுத்துவின் அம்மா அங்கேயே இறந்துபோனாள். அவள்தான் பின்னாலேயே வந்துவிட்டாளாம்.

உயிரோடு இருப்பவர்கள் வருவதற்குப் போட்டோ, விண்ணப்பம், பாஸ்போர்ட், ஆளுக்கு ஏழு கையெழுத்து. செத்தவளுக்கு ஒன்றும் வேண்டாமாம். இதை யோசிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாமி மற்ற மூன்று மிஷின்களுக்கும் காப்பு வைத்தார். அவையும் பத்துப் பத்து நிமிடத்தில் நின்றன. பேய் பரவுகிறது! மேஸ்திரி வேலாமணி தலையில் கை வைத்தார்.

"ஏனுங் சாமி, இதுக்கு முடிவுதான் என்னங்க?"

"அந்தக் குடும்பம் தோட்டத்த விட்டுப் போகணும். சனிக்கிழமைக்குள்ள. இல்லாட்டி மிஷின விட்டு மனுசனுக்குள்ள பூந்துரும்."

பீல்டு ஆபீசர் கருணாகரன் நல்லவர். நல்லவர் என்றால் யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார். காத்தமுத்துவின் பெயரை அடிக்கவும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்யவும் தாள் தயார் செய்தார். அதை டைப் அடித்தது நான்தான். ஐந்து பேர், ஒரு தகரப்பெட்டி, போக இடம் கிடையாது. அங்கே போனால் இந்தியாக்காரன், இங்கே இருந்தால் சிலோன்காரன். டைப் அடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அன்னக்கிளி ஸ்டோருக்கு வந்தாள். கையில் அந்த மிஷினின் மூடி. சந்தனத்தைத் துடைத்திருந்தாள்.

"கிளார்க்கையா, இந்த மூடி நடுவுல பொடி ஓட்ட ஒண்ணு இருக்கே, அது எதுக்குங்க?"

"எந்த ஓட்டை?"

எட்டு வருடமாக அந்த மிஷின்களுக்குப் பெட்ரோல் அளந்து ஊற்றியவன் நான். அந்த ஓட்டையை அன்றுதான் பார்த்தேன்.

"நேத்து சாமிக்கு டீ போடச் சொல்லி டின்பால் குடுத்தாங்க. ஆணியால ஒரு ஓட்ட போட்டுக் கவுத்தா சொட்டு கூட எறங்கல. எதுத்தாப்புல இன்னொரு ஓட்ட போட்டேன், தன்னால ஊத்துச்சு. காத்து உள்ள போனாத்தானே பால் வெளிய வரும்? பெட்ரோலுக்கும் அதுதானே?"

என் பி.யு.சி. சர்டிபிகேட் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆயுத பூஜை அன்னிக்கு மிஷினுக்கு நெத்தி எதுன்னு தெரியாம, மூடியில நாந்தான் சந்தனப் பொட்டு வச்சேன். மொத தப்பு என்னோடது" என்றாள். "அதுக்கப்புறம் வச்சதெல்லாம் அந்தாளு."

சனிக்கிழமை காலை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டமே கூடியிருந்தது. பேய் கிளம்புவதைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வேறு. காத்தமுத்து தகரப்பெட்டியின் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். கருணாகரன் தாளை நீட்டப் போனார். அன்னக்கிளி குறுக்கே வந்து நின்றாள்.

"போறோம் ஐயா. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. ஸ்டோர்ல பெட்டி பிரிக்காத புது மிஷின் இருக்கு. நாங்க தொட்டதில்ல. அதுல எங்க பேய் இருக்குதா, சாமி?"

சாமி கண்ணை மூடித் திறந்தார். "இல்ல. அது சுத்தம்."

"மேஸ்திரியையா மாட்டிக்கட்டும். அவரு சிலோன் பக்கமே போனதில்லயே."

நான் பெட்டியைப் பிரித்துப் பெட்ரோல் ஊற்றினேன். வேலாமணி தயங்கித் தயங்கி மாட்டிக்கொண்டார். இன்ஜின் உறுமியது. அன்னக்கிளி தூக்குச்சட்டியைத் திறந்து, ஒரு சிட்டிகைச் சோற்றை நசுக்கி, மூடியின் நடுவில் அப்பினாள். மந்திரம் இல்லை, கோழி இல்லை. வெறும் சோறு.

கூட்டம் காத்திருந்தது. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். மிஷின் விக்கியது, இருமியது, நின்றது.

"அய்யய்யோ! என்ற முதுகுல ஏறிக்கிச்சுங்கோ! கழட்டுங்கப்பா!" என்று வேலாமணி துள்ளிய துள்ளல் இருக்கிறதே, பார்க்க வேண்டுமே!

"அசையாம நில்லுங்க, மேஸ்திரி." அன்னக்கிளி வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தாள். சோற்றை வழித்துவிட்டு ஓட்டையில் குத்தினாள். "ஸ்ஸ்ஸ்" என்றது. "பேயில்ல. காத்து உள்ள போற சத்தம். இழுங்க கயித்த."

இன்ஜின் பாடியது. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று, அரை மணியும் ஆயிற்று. மற்ற நான்கு மிஷின்களின் மூடிகளையும் ஊக்கால் குத்தி ஓடவிட்டாள். ஐந்தும் சேர்ந்து போட்ட சத்தத்தில் மலையே அதிர்ந்தது. காத்தமுத்து அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

கூட்டம் சாமியின் பக்கம் திரும்பியது. சாமிக்கு வியர்த்தது. நடுவட்டத்துக் குளிரில் ஒருவருக்கு வியர்த்து அன்றுதான் பார்த்தேன்.

"இதென்ன பெரிய அதிசயமா?" என்று கத்தினார். "மூடியில ஏர் ஹோல அடைச்சா எந்த வண்டியுந்தான் நிக்கும்! மோட்டார் சைக்கிள் நிக்காதா, லாரி நிக்காதா? பதினோரு வருசம் ஒர்க் ஷாப்புல..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மூடி என்ன பிரயோஜனம்? ஓட்டை வழியாக எல்லாம் வந்துவிட்டது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள் அன்னக்கிளி. "தெரிஞ்சே எங்கள வெரட்டப் பாத்தீங்க. பெத்த தாயவே பேயாக்கி எம் புருசன் காதால கேக்க வச்சீங்க. ரெண்டு கோழிக்காகவா சாமி?"

சாமி பிரம்பை விட்டுவிட்டு ஓடினார். ஜடை ஒரு தேயிலைச் செடியில் மாட்டிக்கொண்டது. தலை மட்டும் தனியாக, நன்றாகக் கிராப் வெட்டிய தலை, ரோட்டைப் பார்க்கப் போயிற்று. பஸ் டிரைவர் அவரை ஏற்றாமல் போனார் என்பது பிறகு தெரிந்தது.

கருணாகரன் தாளைக் கிழித்தார். வேலாமணி தலையைச் சொறிந்தார். "மனசுல வச்சுக்காத அம்மிணி. நாங்க நம்பிப்போட்டம்."

"செத்துப்போனவ கடல் தாண்டி வந்தான்னு ஒரு நிமிசத்துல நம்பிட்டீங்க. உசுரோட அஞ்சு பேரு கண்ணு முன்னால வந்து நின்னமே, எங்கள நம்ப உங்களுக்கு ஒரு வருசம் பத்தல."

நான் தரையைப் பார்த்தேன்.

இத்தோடு புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? எங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. மறுநாள் விடிந்ததும் அன்னக்கிளியின் லயத்து வாசலில் ஒரே கூட்டம். தையல் மிஷினோடு ஒருத்தி, பால் கறக்காத மாட்டோடு ஒருவர். முன்வரிசையில் வேலாமணி, கையில் தாம்பாளம்.

"அம்மா, அந்த ஊக்க ஒருக்கா கண்ணுல ஒத்திக்கறமுங்க. சக்தியுள்ள ஊக்குங்க அது."

அன்னக்கிளி கதவைத் திறந்து எங்கள் எல்லாரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"குடுக்கறதுல ஒண்ணுமில்ல. மிஷினுக்கு எங்க அடைச்சிருக்குன்னு தெரிஞ்சுது, குத்திட்டேன். உங்க தலையில எங்க குத்தறது? அத நீங்களே தேடிக் கண்டுபிடிச்சுட்டு வாங்க."