மனித உடம்புக்குள் மூன்று பெக்டரி

நாலு ஊரில் வேலை பார்த்தவனுக்கு நாலு மொழி தெரியும் என்று எங்கள் ராகலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நம்பிக்கை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு, கொழும்பு, தம்புள்ளை என்று சந்தைகளில் மூட்டை தூக்கித் திரிந்த எனக்கு அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வரவில்லை.

அதனால்தான், உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பேச ஒரு சிங்கள விரிவுரையாளர் மிஸ் வந்தபோது, மொழிபெயர்க்க என்னை மேடையேற்றினார்கள். முன்வரிசையில் அக்கா மகள் கவிதா. அவள் படிப்பை நிறுத்தி, கொழும்புத் துணிக்கடை வேலைக்கு அனுப்பவிருந்த அவள் அப்பா, என் மச்சான், கடைசி வரிசையில். "மிஸ் பேசுறதக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க மச்சான்" என்று அவரை இழுத்து வந்தவனே நான்தான்.

மிஸ் சிங்களத்தில் தொடங்கி, முக்கியமான இடத்திலெல்லாம் ஆங்கிலத்துக்குத் தாவினார். (என் சிங்களமே தக்காளி விலை வரைதான்.) எனக்குப் பிடிபட்டவை மூன்று சொற்கள்: மனிதன், மூன்று, ஃபேக்டர்.

"மனுச உடம்புக்குள்ள மூணு பெக்டரி இருக்குங்க" என்றேன்.

மண்டபமே நிமிர்ந்தது. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை மூடிக்கிடந்த காலம் அது.

மிஸ் அடுத்து 'டாட்டா பொக்ஸ்' என்றார்.

"டாட்டா லொறியில பெட்டி வருதாம்."

மச்சான் எழுந்துவிட்டார். "லொறி கெடக்கட்டும்டா. பெக்டரியத் தெறப்பாங்களா, மாட்டாங்களா?"

எப்போது திறக்கும் என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்து, அருமையான கேள்வி, திறப்பதற்கென்றே ஒரு ஃபேக்டர் இருக்கிறது என்றார்.

"கட்டாயம் தெறப்பாங்களாம்!"

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"மாமா, கொஞ்சம் உக்காருங்க" என்று கவிதா எழுந்தாள். "ஃபேக்டர்ன்னா பெக்டரி இல்லப்பா, காரணி. அது ஒரு வகைப் புரதம். காலையில பெரட்டுல வரிசையா நிக்கவச்சுப் பேர் கூப்பிட்டு, எந்த மலைன்னு சொன்னாத்தானே கொழுந்தெடுக்கப் போவீங்க? அதுபோல ஜீன்ல உள்ளதப் பிரதியெடுக்கிற நொதியம் மூணு இருக்கு. தானா அதுங்களுக்கு ஆரம்பிக்கத் தெரியாது. இந்தக் காரணிங்க வந்து எடத்தக் காட்டணும், முறுக்கிக் கெடக்குற இழையத் தெறந்து விடணும். டாட்டாங்கிறது சில ஜீன்ல ஆரம்ப எடத்துக்கு அடையாளம். லொறி இல்ல."

அதையே மிஸ்ஸுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். இந்த முறை மிஸ்ஸே கைதட்டினார்.

மச்சான் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "படிப்ப விட்டவன் இவன் ஒருத்தன் போதும் நம்ம வீட்டுக்கு. நீ படி தாயி."

தொழிற்சாலை இன்னும் திறக்கவில்லை. (அதற்கும் நான்தான் காரணம் என்பவர்கள் உண்டு.) ஆனால் பட்டியலில் பெயர் வந்து பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது என்று கவிதா தொலைபேசியில் கத்தியபோது, மச்சான் சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொண்டார்:

"படிச்சுப் பாத்தது நீயா, மாமனா?"