காது வாங்கிக் கொடுத்த மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நலம், அங்கு நலமா என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நான் எப்போது எழுந்தேன், எங்கே போனேன் என்பதையெல்லாம் நீங்கள் வாங்கிக் கொடுத்த காது மிஷின் உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நன்றி. பொருள் நல்ல பொருள். குழாய் சொட்டுவதுகூடக் கேட்கிறது, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதை மாட்டிய அன்று, என்னுடையது பட்டன் போன் என்பதால், அந்த ஆப்பை உங்கள் அத்தையின் போனிலும் என் மகளின் போனிலும் ஏற்றினீர்கள். அது ஏதேதோ கேட்டது, நீங்களும் சம்மதம், சம்மதம் என்று தட்டிக்கொண்டே போனீர்கள். என் கல்யாணத்துக்கே ஒரு தடவைதான் சம்மதம் கேட்டார்கள், அதையும் என்னிடம் கேட்டார்கள். காதுக்குச் சொந்தக்காரன் பக்கத்திலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என்னை ஒரு வார்த்தை கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. தப்பாக நினைக்கக் கூடாது, மாப்பிள்ளையைக் குறை சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை.

டாக்டர் தினம் நடக்கச் சொன்னார், நானும் நடந்தேன், சலூன் வரைக்கும். அங்கே ஒரு பெஞ்சு, ஓசிப் பேப்பர், என்னோடு ஓய்வுபெற்ற டிரைவர்கள் இரண்டு பேர். மிஷின் தொலைந்தால் தேடுவதற்கென்று அந்த ஆப்பில் ஒரு வரைபடம் இருக்கிறதாம், அதில் நான் ஒரு நீலப் புள்ளியாம். வீட்டுக்குள் கால் வைத்ததும் உங்கள் அத்தை, "என்னங்க, பெஞ்சுல உக்காந்துக்கிட்டே எப்படி நடக்கறீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றாள். அசடு வழிந்து ஒரு வழியாகத் தப்பித்தேன். அடுத்ததில் தப்பிக்க முடியவில்லை.

வாரம் முடிந்ததும் அந்த ஆப் யாரும் கேட்காமலே ஒரு படம் அனுப்பியது. என் காது எப்போது திறந்திருந்தது, எப்போது மூடியிருந்தது என்று கோடாகப் போட்டிருந்தது. மாப்பிள்ளை, நீங்களும் குடும்பஸ்தர். மனிதன் சில நேரம் காதுக்குப் பின்னால் சொறிவான், அங்கே ஒரு பட்டன் இருக்கும், அது அமுங்கும். அத்தை தன் தங்கையின் வீட்டு வழக்குப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம்தான் அரிக்கும். கோடு நன்றாகப் போய்க்கொண்டிருந்து, அவள் வாயைத் திறந்த இடத்தில் பொத்தென்று விழுகிறது. அவளுக்கும் முதலில் நம்பிக்கை வராமல் பரீட்சை வைத்திருக்கிறாள். அடுப்படியிலிருந்து தங்கை பேச்சை எடுத்துவிட்டுப் போனைப் பார்த்திருக்கிறாள், துணி மடித்துக்கொண்டே வக்கீலைத் திட்டிவிட்டுப் போனைப் பார்த்திருக்கிறாள். கடைசியில் என் முன்னால் வந்து நின்று, "இத்தனை நாளும் நான் செவுத்துக்கிட்டதான் பேசிக்கிட்டிருந்தேனா?" என்று கேட்டாளாம். எனக்குக் கேட்கவில்லை, மூடியிருந்தது. வழக்கம்போல "ஆமா, ஆமா" என்றேன். அவள் கேட்டது என்ன என்பதே பிறகு மகள் சொல்லித்தான் தெரியும்.

அன்றோடு பேச்சு நின்றது. டீ வருகிறது, சாப்பாடு வருகிறது, சொல் வரவில்லை.

நானும் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராகக் காலம் தள்ளியவன்தான். சோதனை கூடாது என்று நான் சொன்னால் ஊர் சிரிக்கும். ஆனால் நான் காக்கி போட்டுக்கொண்டு, படியேறி உள்ளே வந்து, "டிக்கெட்டைக் காட்டுங்க" என்று முகத்துக்கு நேரே கேட்டவன். பயணியின் சட்டைப் பைக்குள் உட்கார்ந்துகொண்டு அவன் பெண்டாட்டிக்குச் சேதி அனுப்பியதில்லை. இது என்ன நியாயம்னு கேக்கறேன்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். "சார், நீங்க யூசர்தான். அக்கவுண்ட் மேடம் பேர்ல இருக்கு. அவங்கதான் மாத்த முடியும்" என்றாள்.

"காது யாரோடதும்மா?"

"காது உங்களோடதுதான் சார். மேடம் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை அவங்க உங்ககிட்ட சொன்னாப் போதும்."

"அவங்க எங்கிட்ட எதையுமே சொல்றதில்லையேம்மா, அதுதானே பிரச்சினை" என்றேன். நாங்கள் பேசுவது பதிவாகிறது என்று அந்தப் பெண் நினைவுபடுத்தினாள். அதையும் எவளுக்கு அனுப்பப் போகிறார்களோ.

ஆகவே, மாப்பிள்ளை அவர்களே, உங்கள் மேல் உள்ள மரியாதை துளியும் குறையாமல் சொல்கிறேன். இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, அந்தக் கோடுகளை அழித்து, வரைபடத்தை மூடி, என் காதைக் காதாக மட்டும் இருக்க விடுங்கள். முடியாதென்றால் மிஷினைப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன். உளவாளியைத் தலையில் சுமப்பதைவிட டமாரச் செவிடாக இருப்பது எவ்வளவோ மேல்.

மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் அறிக்கை போகாமல், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி நாலு நாளாகிறது. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், வீட்டில் வேறு தாள் இல்லை. எதையும் அழிக்க வேண்டாம், மாப்பிள்ளை. புள்ளியும் இருக்கட்டும், கோடும் இருக்கட்டும். முந்தாநாளிலிருந்து விழித்திருக்கும் நேரமெல்லாம் மிஷினைக் கழற்றவே இல்லை. சத்தத்தை முழுசாக வைத்திருக்கிறேன், அரித்தாலும் சொறிவதில்லை. மின்விசிறி கேட்கிறது, பக்கத்து வீட்டுக் கதவு கேட்கிறது, இந்த வீட்டுக்குள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. தாங்க முடியவில்லை. தங்கை வழக்கு என்ன ஆயிற்று என்றும் தெரியவில்லை. என் கோடு எங்கேயும் விழாமல் போய்க்கொண்டிருப்பது அந்த ஆப்பில் நன்றாகத் தெரியும். ஆனால் உங்கள் அத்தை இப்போதெல்லாம் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. நீங்களாவது ஒரு போன் போட்டு, அவளைப் பார்க்கச் சொல்லுங்கள்.