கரிக்கோடு

"வெள்ளிக்கிழமைக்குள்ள லயத்துப் பூனை எல்லாம் போயிரணும். இல்லாட்டி மருந்து வச்ச கருவாடுதான்!"

காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்த கையோடு கணக்கப்பிள்ளை இதையும் சொன்னார். யசோதினிக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகக் கால் வரவில்லை.

பங்களாவில் தங்கிய வெள்ளைக்காரரின் பொரித்த கோழியை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்த ஏதோ ஒரு பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். தின்றது ஒன்று, தண்டனை எல்லாவற்றுக்கும். தோட்டத்து நியாயம் என்றைக்கும் அப்படித்தான். அவளுடைய கருப்பி வேறு சினையாக இருந்தது.

பண்டாரவளையில் பூனைகளைக் கொல்லாமல் வளர்க்கும் காப்பகம் நடத்துகிற நப்லா மிஸ்ஸுக்குப் போன் போட்டாள்.

"நாங்க ஒன்னையும் கொல்றதில்லம்மா. அதனாலதான் இடமே இல்ல."

"இங்க மருந்து வைக்கப் போறாங்க மிஸ்!"

"எல்லாத் தோட்டத்திலயும் வைக்கிறாங்க. வெள்ளம், மண்சரிவுன்னா மட்டுந்தான் இப்ப எடுக்கிறோம்."

"இங்கயும் மண்சரிவுதாங்க! செவரெல்லாம் வெடிச்சிருக்கு!"

"யா அல்லாஹ்! நாளைக்கே வந்து பாக்குறேன்."

லயங்களை ஆட்களோடு மண் மூடிய கொஸ்லந்தைப் பக்கத்தில் மண்சரிவைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை. யசோதினிக்கே தன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் மிஸ் வந்து பார்க்க வெடிப்பு வேண்டுமே! அடுப்புக்கரியால் அடுப்படிச் சுவரில் ஒன்று வரைந்தாள். திருத்தத் திருத்த அது தடித்துக்கொண்டே போனது.

"வெடிப்பா இது? மரவள்ளிக் கெழங்கு மாதிரி இருக்கு," என்றான் புருஷன் தினேஸ்.

மறுநாள் வேன் வந்தது. டிரைவர் மபாஸ் பூனைகளைக் கூண்டில் அடைத்தான். கருப்பியை மட்டும் வீட்டுக்குள்ளேயே மறைத்து வளர்த்துவிடும் ஆசையில், யசோதினி அதை ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னால் இருட்டில் விட்டிருந்தாள். பாழாய்ப்போனது நேரம் பார்த்துக் கத்தியது.

நப்லா மிஸ் பெட்டியை இழுத்துவிட்டுக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. போனை எடுத்து மளமளவென்று படம் பிடித்தார். சினைப் பூனையை ஒளித்ததற்குச் சாட்சியாக்கும் என்று யசோதினி நடுங்கினாள்.

"மிஸ், இது ஒன்னை மட்டும் விட்டுட்டுப் போங்களேன்."

"இந்த மாதிரி எடத்துல ஒரு உயிரை விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராதும்மா."

வேன் கருப்பியோடு போய்விட்டது. யசோதினி தேம்பித் தேம்பி அழுதாள். கருப்பி பிழைத்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஈரத் துணியால் கரிக்கோட்டை அழிக்கத் தொடங்கினாள். வெளியே மழை பிடித்துவிட்டது.

மறந்துபோன கையுறையை எடுக்க ஓடி வந்த மபாஸ், வாசலில் நின்று அவள் அழிப்பதைப் பார்த்தான்.

"அது கரின்னு வந்த உடனேயே எங்களுக்கு வெளங்கிட்டு, அக்கா. மிஸ் படம் எடுத்தது பெட்டிக்குப் பின்னால இருக்கிற வெடிப்ப. அதுக்குள்ள என் கையே போகுது."