மூன்றாம் பெட்டியின் ரியாக்டர்

அணுப் பொறியியல் என்பது கம்பம் ஏறும் வேலைக்கு மேற்படிப்பு என்றுதான் எங்கள் குடும்பம் அப்போது நம்பியிருந்தது. என் மாமனார் ஓய்வுபெற்ற வயர்மேன். தம் இளைய மகன் கம்பமே ஏறாமல் கரண்ட் எடுக்கும் படிப்பில் சேர்ந்திருக்கிறான் என்று அவர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். படிப்பு எவ்வளவு கடினமாக இருந்தாலும் அந்தோணியார் பார்த்துக்கொள்வார் என்பது மாமியாரின் நம்பிக்கை. நான்கு ஆண்டுப் படிப்பு நான்கு ஆண்டுகளில் முடியும் என்று என் கணவர் நம்பினார். மூவரில் அதிகம் ஏமாந்தவர் அவர்தான்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே தண்டவாளம் போட்ட நாளிலிருந்து, ரயிலுக்குள் உட்காராமலே இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போய்வந்த மனிதர் என் கணவரின் தம்பியைத் தவிர வேறொருவர் இருக்க முடியாது. ஞானஸ்நானத்தில் அவருக்கு இட்ட பெயரை இங்கே எழுதினால், காலை பாசஞ்சரின் மூன்றாம் பெட்டியில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. அங்கே அவர் பெயர் ரியாக்டர்.

வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வகுப்புகளை எல்லாம் முடித்துவிட்டு, ஒரு பெட்டி, ஒரு பாய், ஒன்பது அரியர் ஆகியவற்றோடு அவர் வீடு வந்து சேர்ந்தார். மாமனார் அன்றைக்கே ஒரு நேர்முகத் தேர்வு வைத்தார்.

"உங்க அணு கரண்ட்ல ஃபியூஸ் எங்கடா இருக்கும்?"

தம்பி பதில் சொல்லத் தொடங்கினார். சமையலறையிலிருந்து வாசல் கேட்டுக்கும், கேட்டிலிருந்து சமையலறைக்கும் நடந்துகொண்டே முக்கால் மணி நேரம் சொன்னார். யுரேனியம் வந்தது, கனநீர் வந்தது, ஆங்கிலமும் கிரேக்க எழுத்துகளும் வந்தன. மாமனார் பொறுமையாகக் கேட்டு முடித்து, என் பக்கம் திரும்பினார்.

"ஃபியூஸ் இருக்கற எடமே தெர்ல இவனுக்கு. அப்புறம் எப்டிம்மா பாஸ் பண்ணுவான்?"

அந்த நடையில்தான் தம்பியின் முழுச் சிக்கலும் இருந்தது. உட்கார்ந்தால் அவருக்கு ஒரு வரியும் ஏறாது. இதை அவர் ஓர் ஆய்வு முடிவாகவே வெளியிட்டார். கடைசி ஆண்டில் விடுதி அறையில் உட்கார்ந்து படித்த பாடங்கள் அனைத்திலும் தோல்வி. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பஸ்ஸில் நின்றபடி புரட்டிய ஒரே பாடத்தில் தேர்ச்சி. "அண்ணி, ஆள் நகர்ந்துகினே இருக்கணும். நின்னா மூளை நின்னுடுது" என்றார். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியின் நூலகத்தில் எனக்கு வேலை. ஆகவே மறுநாளிலிருந்து என்னோடு ரயிலேறி, என்னைத் திண்டிவனத்தில் இறக்கிவிட்டு, அடுத்த வண்டியில் ஊர் திரும்புவதை அவர் தம் கல்வித் திட்டமாக ஆக்கிக்கொண்டார்.

நான் ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்து கேள்வி கேட்பேன். அவர் இருக்கைகளுக்கு நடுவே நடந்துகொண்டே பதில் சொல்வார். புத்தகங்களோடு வாழ்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அவருடைய பாடநூல்களைப்போல் ஈவிரக்கமற்ற புத்தகங்களை நான் கண்டதில்லை. ஒரு பக்கத்தில், 'இதிலிருந்து பின்வருவதை எளிதில் காணலாம்' என்று எழுதியிருந்தது. அந்த எளிதைக் காண எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. கண்ட பிறகு பக்கத்தைப் புரட்டினால், அங்கே இன்னொரு 'எளிதில்' காத்திருந்தது.

மாமியார் தம் பங்குக்குச் செவ்வாய்க்கிழமைகளைக் கையில் எடுத்தார். எங்கள் கோவிலில் செவ்வாய்தோறும் அந்தோணியார் நவநாள் வழிபாடு நடக்கும். வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், பங்குச் சாமியார் அதை வாசிப்பார். மக்கள் சேர்ந்து மன்றாடுவார்கள். மற்றவர்கள் 'குடும்ப சமாதானம்', 'உடல் நலம்' என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்வார்கள். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அந்தோணியார் குழம்பிவிடுவார் என்று பயந்த மாமியார், ஒன்பது பாடங்களின் பெயரையும் மகனிடம் கேட்டு வரிசையாக எழுதிப் போட்டுவிட்டார். சாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"தெர்மல் ஹைட்ராலிக்ஸில்... ரேடியேஷன் ஷீல்டிங்கில்... நியூட்ரான் டிஃப்யூஷனில்..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்றது கோவில்.

ஒவ்வொரு தேர்வு முடிவுக்குப் பிறகும் பட்டியல் சுருங்கியது. "இன்னாம்மா, இந்த வாரம் ஹைட்ராலிக்ஸ் வரலியே, கிளியர் பண்டானா?" என்று மீன் வாங்கும் இடத்தில் கேட்கும் அளவுக்கு விழுப்புரத்துக் கத்தோலிக்கர்கள் அணுப் பொறியியலில் தேறிவிட்டார்கள். சில ஆண்டுகளில் எட்டுப் பாடங்கள் போயின. ஒன்று மட்டும் நகரவில்லை. நியூட்ரான்கள் ரியாக்டர் என்ற அணு உலைக்குள் எப்படிப் பெருகுகின்றன, எப்படி அடங்குகின்றன என்று கணக்கிடும் பாடம் அது. அதில் ஐந்து முறை தோற்றிருந்தார்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. தேறிய பாடங்கள் அத்தனையும் அதோடு செல்லாமல் போகும். என் கணவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார். மாமனார் ஃபியூஸைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. தம்பியின் நடை மட்டும் இரு மடங்கு வேகம் கொண்டது.

அவருக்குப் பிடிபடாத இடம் ஒன்றே ஒன்றுதான். ஓர் அணு பிளந்தால் சில நியூட்ரான்கள் வெளிவரும். அவை போய் அடுத்த அணுக்களைப் பிளக்கும். கண்ணிமைப்பதற்குள் இது ஆயிரம் தலைமுறை பெருகிவிடும். அப்படியிருக்க, மனிதன் எப்படி அதைக் கையால் கட்டுப்படுத்துகிறான்? சமன்பாடு மனப்பாடம், காரணம் மனத்தில் ஒட்டவில்லை. "கண்ணால பாத்தாத்தான் அண்ணி எனக்கு ஏறும்" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றும் வருந்துகிறேன்.

மறுநாள் வண்டி விழுப்புரத்தை விட்டதும், கதவோரம் நின்ற ஒருவரிடம் மட்டும் தம்பி தாழ்ந்த குரலில் ஒரு சேதி சொன்னார். இன்றைக்கு இந்த வண்டி திண்டிவனத்தில் நிற்காது, நேரே செங்கல்பட்டுதான் என்பதே சேதி. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

முண்டியம்பாக்கத்தில் எட்டுப் பேர் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். விக்கிரவாண்டியில் பெட்டி முழுவதும் பேசியது. பேரணி நிலையத்தில் அடுத்த பெட்டிக்காரர்கள் எங்களிடமே வந்து அந்தச் சேதியைச் சொன்னார்கள். அதற்குள் அந்தச் சேதியில் திண்டிவனத்துப் பாலம் விரிசல் விட்டிருந்தது, மந்திரி வந்திருந்தார். மயிலத்தில் வண்டி நின்றதும் அலுவலர்கள், மாணவர்கள், மல்லாட்டைக் கடலை மூட்டைக்காரர்கள் என்று பாதி வண்டி இறங்கி ஓடிற்று. விழுப்புரத்திலிருந்து நாள்தோறும் கூடையோடு வரும் பூக்காரம்மாவும், "ஜல்தி எறங்குங்கடா, பூ வாடிடும்!" என்று முன்னே நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார்.

வண்டி வழக்கம்போல் திண்டிவனத்தில் நின்றது.

இறங்கியவர்கள் நாங்கள் இருவர்தாம். தம்பியின் முகம் ஜொலித்தது. "சூப்பர் கிரிட்டிகல் அண்ணி! கட்டுக்கடங்காமப் பெருகிடுச்சு! ஒரே ஒரு ஆள்ல ஆரம்பிச்சது, பாத்தீங்களா?" திடீரென்று என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஆமா, பக்கத்து சீட்டு டீச்சர் உங்ககிட்ட சொன்னாங்கல்ல? நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நீ கிளப்பினதுன்னு நான் சந்தேகப்படல தம்பி. எதுக்கும் நாளைக்கு விசாரிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

அவர் நின்றார். நடைமேடையில் இரு கால்களையும் ஊன்றி, அசையாமல் நின்றார். அவரை நான் அப்படிக் கண்டது அதுவே முதல் முறை. உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"அண்ணி, நீங்கதான் டிலேய்டு நியூட்ரான்!"

திட்டுகிறாரோ என்று நினைத்தேன். அவர் விளக்கினார். எல்லா நியூட்ரான்களும் பிளந்த கணமே பாய்ந்துவிடுவதில்லை. நூற்றுக்கு ஒன்றுகூட வராத ஒரு சிறு கூட்டம், சில நொடிகள் தாமதித்து நிதானமாக வெளிவருகிறது. அணு அணுவாகப் பிளக்கும் சங்கிலி தொடர்வதற்கு அந்தக் கூட்டமும் வேண்டியிருக்கும்படி உலையை வைத்திருந்தால், முழு உலையும் அதற்காகக் காத்து நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் மனிதன் கட்டுப்படுத்திவிடலாம். "வண்டி பூரா உங்கள நம்பி நின்னிருந்தா, ஒருத்தனும் மயிலத்துல எறங்கியிருக்க மாட்டான். அஞ்சு வருஷமா புக்குல தேடிக்கினு இருந்தேன். எதிர் சீட்லயே உக்காந்துகினு இருந்திருக்கீங்க!"

மறுநாள் காலை பூக்காரம்மா எங்களுக்கு முன்பே மூன்றாம் பெட்டியில் காத்திருந்தார்.

"யாருடா அது, வண்டி நிக்காதுன்னு கிளப்பி வுட்டது? நீதானே?"

"அது ஒரு பரிசோதனைம்மா..."

"மயிலத்துலருந்து ஷேர் ஆட்டோல கூடைய மடியில வச்சிக்கினு போனேன். பூ பூரா வாடிப்போச்சு, பேஜாராப் பூட்ச்சி. இன்னாடா பரிசோதனை? உக்காரு இங்க. கட்டு!"

மடியில் உதிரி மல்லியும் கையில் வாழைநாரும் விழுந்தன. தப்ப வழியில்லை, தம்பி உட்கார்ந்தார். முதல் முழம் வெள்ளாடு மேய்ந்த வேலிபோல் இருந்தது. பூக்காரம்மா அதைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டச் சொன்னார். நான் பழக்கத்தினால் புத்தகத்தைத் திறந்து கேள்வி கேட்டேன். தம்பி பதில் சொன்னார். அடுத்த கேள்விக்கும் சொன்னார். ஏதோ மாறியிருக்கிறது என்று பட்டதே தவிர என்னவென்று புரியவில்லை. வெளியே பார்த்தேன். எதிர்வண்டிக்கு வழிவிட்டுப் பேரணியில் நாங்கள் நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. வண்டியும் நகரவில்லை, அவரும் நகரவில்லை. சமன்பாடு மட்டும் தடங்கலின்றி வந்துகொண்டிருந்தது.

"கை ஆடிக்கினு இருந்தா போதும், இதுக்குப் போயி இம்மாம் நாளு காலால நடந்துக்கினு இருந்தியா" என்றார் பூக்காரம்மா.

பரீட்சை வரையிலான மூன்று வாரங்களும் அவர் பூக் கட்டினார். கடைசி வாரத்தில் அவர் கட்டிய சரம் விலைபோனது.

தேர்வுக் கூடத்தில் நடந்ததை அவர் வாயால் கேட்டதுதான். முந்தைய தேர்வுகளில் எழுந்து நடப்பதற்காகவே அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போய், "சின்ன வயசுலயே சுகராப்பா?" என்று கண்காணிப்பாளரைக் கலங்க வைத்தவர், இம்முறை எழுந்திருக்கவே இல்லை. அதுவே அந்தக் கண்காணிப்பாளரின் சந்தேகத்தைக் கிளப்பியது. அருகே வந்து பார்த்தால், மேசைக்கடியில் இடக்கையில் ஏதோ சுருட்டி வைத்திருக்கிறார்.

"எடு வெளிய. என்ன பிட்டு அது?"

தம்பி நீட்டினார். கண்காணிப்பாளர் சுருளைப் பிரித்தார். பிரித்துக்கொண்டே போனார். ஒன்றரை முழ வாழைநார். முழுக்க முழுக்க முடிச்சு. எழுத்து ஒன்றும் இல்லை.

"என்னப்பா இது?"

"மல்லி கட்டறது சார்."

"மல்லி எங்க?"

"மல்லி இல்ல சார். சும்மா கட்டறது."

அவர் நாரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். விதிப்புத்தகத்தில் அதைத் தடுக்கும் வரி எதுவும் இல்லாததால் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முடிவு வந்த காலை, விக்கிரவாண்டிக்கும் பேரணிக்கும் நடுவே செல்பேசிக்கு சிக்னல் போயிற்று. தம்பி பெட்டியின் இரு முனைகளுக்கும் மாறி மாறி ஓடினார். அன்று யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. பேரணி நெருங்கியதும் அவர் ஓட்டம் நின்றது.

"அம்பது" என்றார். தேர்ச்சிக்கு ஐம்பதுதான் வேண்டும்.

பூக்காரம்மா கூடைக்குள் கைவிட்டு, அகப்பட்ட சரத்தை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். சேதி இம்முறையும் பெட்டி பெட்டியாகப் பரவிற்று. மயிலத்தில் ஒருவரும் இறங்கவில்லை. அந்தச் செவ்வாயன்று சாமியார் நன்றிச் சீட்டை வாசித்து நிமிர்ந்தபோது, அவர் முகம் சற்று வாடினாற்போல் எனக்குப் பட்டது. இனி செவ்வாய்களில் வாசிக்க வெறும் உடல் நலமும் குடும்ப சமாதானமும்தான். மாமனார் மட்டும், "ஃபியூஸப் பத்திக் கேட்டானுங்களா?" என்றார். கேட்கவில்லை என்றதும், "அதான் பாஸ் பண்ட்ட" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை. வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்ததை நாங்கள் யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ராட்சதக் குழாய்களின் பற்றவைப்பைக் கதிர்வீச்சால் படம்பிடித்துச் சோதிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஓர் ஊரில் பத்து நாள், அடுத்த ஊரில் பத்து நாள். நிலையாக ஓரிடத்தில் இருக்கக் கூடாத வேலை என்பதாலேயே அதை ஏற்றதாகச் சொன்னார். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, பூக்காரம்மாவிடம் ஒரு கட்டு வாழைநார் கேட்டு வாங்கிக்கொண்டார். அலைபேசியில் அழைத்தால் பின்னணியில் எப்போதும் ஏதாவது ஒரு வண்டியின் சத்தம். "அண்ணி, அங்க நிலவரம் எப்டி? எல்லாம் கண்ட்ரோல்ல இருக்கா?" என்பார்.

இருக்கிறது. காலை பாசஞ்சரின் மூன்றாம் பெட்டியில் பூக்காரம்மா இருக்கிறார், நான் இருக்கிறேன். எந்தச் சேதியானாலும் நான் மறுநாள்தான் சொல்கிறேன்.