பொம்மை நோயாளியை வண்டிக்கு மாற்றிய பெரும்போர்

வாழி, வாழி! இரவுப்பணியால் சிவந்த விழியினளும், வார்டு வார்டாய் நடந்து தேய்ந்த காலணியினளும், வரும் ஞாயிறு முழுதும் உறங்கியே தீர்வதெனச் சூளுரைத்தவளுமாகிய செவிலியர்குலச் செல்வியின் புகழைப் பாடப் புகுந்தோம். நாவே, தடுமாறாதே!

மருத்துவத்தின் பல்தொழிலோரும் ஒருங்கே கூடி நோயாளியின் பாதுகாப்பைப் பயிலும் அப்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாசிரியை விதித்த ஆணை இதுவே: நால்வர் சேர்ந்து ஒரு பொம்மை நோயாளியை, அதன் மேனிக்கு ஊறு நேராவண்ணம், கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்றுக! வென்றோர் வீடேகலாம், தோற்றோர் ஞாயிறன்றும் வரவேண்டும்.

தலைமாட்டில் நம் செவிலி நின்றாள். வலப்புறம், கத்தியெடுத்தால் கை நடுங்காத அறுவை மருத்துவர். இடப்புறம், முதுகுவலிகளை முறியடித்த பிசியோதெரபிஸ்ட். கால்மாட்டில், மாத்திரைப் பெட்டியினும் கனத்ததைத் தூக்கியறியாத மருந்தாளுநர். பொம்மையின் அடியில் கிடந்த விரிப்பை நால்வரும் பற்றினர்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" என முழங்கினார் மருத்துவர். அந்தோ! ஆபரேஷன் தியேட்டர் மரபின்படி அவர் 'மூணு' என்னும்போதே தூக்க, வார்டு மரபின்படி செவிலி 'மூணு' முடிந்தபின் தூக்க, பிசியோதெரபிஸ்டோ 'தூக்கு' என்னும் சொல்லுக்குக் காத்துநிற்க, மருந்தாளுநர் கண்களை இறுக மூடிக்கொள்ள, பொம்மை பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்றாள் ஆசிரியை.

பெரிய டாக்டரை எதிர்த்துப் பேசுவதா? ஆயினும் செவிலியின் மனக்கண்ணில் அவள் தலையணை எழுந்தது, வீரம் பொங்கியது.

"சார், கொஞ்சம் நில்லுங்க! இனிமே நான்தான் எண்ணுவேன். மூணுன்னு சொல்றப்பவே தூக்கணும், அப்புறம் இல்ல. எங்க, எல்லாரும் திருப்பிச் சொல்லுங்க!"

"மூணுன்னு சொல்றப்பவே!" என்று பள்ளிப்பிள்ளைபோல் ஒப்பித்தார் அறுவைப் பேரரசர். கூடமே வாய்பிளந்தது. ஆசிரியையின் முகத்தில் முதன்முறையாக ஒரு சிரிப்பு தெரிந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

எண்கரமும் ஒருகரமாயின. எழுந்தது பொம்மை, பஞ்சுப்பொதியென மிதந்தது, கட்டிலெனும் கரைவிட்டு வண்டியெனும் மறுகரை தொட்டது. தொட்ட கணமே, செவிலி போட்டிருப்பாள் என மருத்துவரும், பிசியோதெரபிஸ்ட் போட்டிருப்பார் எனச் செவிலியும், மருந்தாளுநர் சும்மாதானே நிற்கிறார் எனப் பிசியோதெரபிஸ்டும், சக்கரம் மருந்துக் கணக்கில் வராதென மருந்தாளுநரும் எண்ணி, எவருமே போடாத பிரேக்கை உடைய அவ்வண்டி, வெற்றித்தேரெனச் சுவரை நோக்கி ஏகியது. கட்டிலுக்கும் வண்டிக்கும் இடையே திறந்த வெளியில், நால்வகைத் தொழிலும் நோக்க, மல்லாந்து விழுந்தது பொம்மை.

"ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு நாலு பேரும் வந்துடுங்க."